ஸ்வல்ப தள்ளிக்கோம்மா

அவள் நல்லவள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் சண்டைக்குப் போவதில்லை. எழுந்து போய்விடுவேன். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவளை மாதிரி மனசு யாருக்கு வரும் என்கிறார்கள். அவள் இல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்கிறார்கள். அவள் இருந்ததால்தான் ஒன்றும் தெரியாமல் போனது என்று நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

பேர் சொல்லப் போவதில்லை. சரஸ்வதிபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவள் லேப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு சார் வந்து போர்டில் பாடம் நடத்திவிட்டுப் போவார். மிச்ச நேரமெல்லாம் நாங்கள் சிஸ்டத்தில் உட்கார்ந்து வெப்சைட் கோடிங் செய்து பழக வேண்டும். தடுமாறினால் உதவி செய்ய அவள். எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். கன்னடக்காரர்களுக்கும் அக்கா, தமிழ்க்காரர்களுக்கும் அக்கா. உண்மையில் அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். நான் மேடம் என்பேன். இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு மைசூர் வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான். ஆனால் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவதிலும் பாதி கன்னடம். அதனால் இதை அவள் படிக்கப் போவதில்லை. யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

அவள் வேலை செய்யும் விதம் இதுதான். நம் திரையில் எரர் வந்திருக்கும். எப்படித்தான் அவளுக்குத் தெரியுமோ, லேபின் அந்தக் கோடியில் இருந்தாலும் வந்துவிடுவாள். முதலில் மல்லிகைப்பூ வாசனை வரும். நாற்காலி முதுகில் அவள் இடது கை விழும். வலது கையில் இருக்கும் கண்ணாடி வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிக்கொள்வாள்.

"ஸ்வல்ப தள்ளிக்கோம்மா."

கொஞ்சம் தள்ளிக்கொள் என்கிறாள். நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. காலை ஊன்றித் தள்ளினால் இடதுபக்கம் ஓடிப் போகும். அவள் உட்கார மாட்டாள். குனிந்து நின்றபடியே தட்டுவாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் எல்லாம் சரியாக இருக்கும்.

"அஷ்டே!" என்பாள். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

"என்ன தப்புங்க மேடம்?"

"ஏனில்லம்மா, சின்னதுதான். விடு."

போய்விடுவாள். ஒன்றுமில்லை என்பாளே தவிர, என்ன தப்பு என்று கடைசிவரை சொல்ல மாட்டாள். ஒளிக்கிறாள் என்றில்லை. சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றாது. தப்பு போய்விட்டதே, பிறகென்ன என்று நினைப்பாள்.

எனக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். ஹனூர்ப் பக்கம் எங்கள் ஊர். மஞ்சளும் ராகியும் போடுகிற குடும்பம். புருஷனோடு இருக்க முடியாது என்று விட்டுவிட்டு வந்தவள் நான். ஏன் என்பது இங்கே வேண்டாம். கொள்ளேகாலில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கொஞ்ச காலம் பில் போட்டேன். அந்தக் கடைக்கு ஒரு வெப்சைட் இருந்தது. ஒரு சேலைப் படத்தை மாற்ற வேண்டுமென்றால்கூட பெங்களூரில் இருக்கும் ஒரு ஆளுக்குப் போன் போட்டு முதலாளி கெஞ்சுவார். அவன் நாளை, நாளை மறுநாள் என்று இழுப்பான். இவனிடம் ஏன் கெஞ்ச வேண்டும், நானே கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. மைசூருக்கு வந்து ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிச் சேர்ந்தேன்.

அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்வான்.

"ஊட்டுக்கு வந்துரு புள்ள. உங்க அண்ணி ஒருத்தியே எல்லாத்தையும் பாக்கறா. நீ வந்தீனா சோறாக்கறதுக்கும் மாட்டுக்கும் ஆளாச்சு."

"நான் வேலைக்குப் போகோணும்ணா."

"கெடச்சா இருந்துக்க, நான் ஒண்ணுஞ் சொல்லுல. கெடைக்கலீனா பொங்கலுக்கு வண்டி எடுத்தாந்து கூட்டிட்டுப் போயிருவேன். ஊரு என்ன பேசும்?"

அவன் கெட்டவனில்லை. அவன் வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடைக்கும். சாகும்வரை அந்த மூலைதான். வேலை கிடைத்தால் மைசூர். கிடைக்காவிட்டால் அந்த மூலை. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் தினமும் அந்த மாடிப்படி ஏறினேன்.

ஆரம்பத்தில் எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு தலைப்பும் கீழே இரண்டு வரியும் போடச் சொன்னார்கள். நான் போட்டதில் பக்கம் முழுவதும் தலைப்பு மாதிரி பெரிது பெரிதாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்த பையன்கள் எல்லாம் இன்ஜினியரிங் முடித்தவர்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அவள் வந்தாள், தள்ளிக்கொள்ளச் சொன்னாள், சரி செய்தாள், தோளில் தட்டிவிட்டுப் போனாள். கடவுள் மாதிரி தெரிந்தாள்.

சில வாரத்தில் எங்கள் லேபில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. காலை ஊன்றி நாற்காலியை இடதுபக்கம் தள்ளிவிட்டுக் காத்திருப்போம். ஒரே நேரத்தில் நாலைந்து பேர் தள்ளினால் சக்கரச் சத்தம் ரயில் மாதிரி கேட்கும். மஞ்சுநாத் என்று ஒரு மண்டியாப் பையன், நல்ல வாயாடி. அவள் வேகமாக வருவதைப் பார்த்தால், வழி விடுங்கடா, ஆம்புலன்ஸ் வந்தாச்சு என்று கன்னடத்தில் கத்துவான்.

"சைடு பிட்ரோ, சைடு! ஆம்புலன்ஸ் பந்து!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆம்புலன்ஸ் என்று கூப்பிடுவதில் அவளுக்குப் பெருமை.

வகுப்பில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டு வேளையில் நம் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள். ஆரஞ்சுப்பழம் கொண்டுபோனால் பிடுங்கி உரித்துச் சுளையாகத் தருவாள். பஸ்ஸில் கூட வந்தால் நாம் இறங்கும் இடத்தை அவளே கண்டக்டரிடம் சொல்வாள். நான் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட் கைக்கு வந்துவிடும். முதலில் இது பாசம் என்று இருந்தது. அப்புறம் மூச்சு முட்டியது.

எனக்கு அவள்மேல் முதலில் வெறுப்பு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வரிசையில் மூன்று பெட்டிகள் வர வேண்டும். அறை, சாப்பாடு, தொடர்புக்கு என்று மூன்று. எனக்கு இரண்டு பெட்டி ஒழுங்காக நின்றது, மூன்றாவது கீழே விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் முன்வரிசையில் யாரிடமோ மாட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் நானே நோண்டினேன். ஒரு எண்ணைக் குறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றைக் குறைத்தேன், மூன்றாவது பெட்டி லேசாக அசைந்தது. மேலே வரவில்லை, ஆனால் அசைந்தது. என் கையால் அசைந்தது. இதோ, இந்தப் பக்கம்தான் ஏதோ இருக்கிறது, கிட்டே வந்துவிட்டேன் என்று தெரிந்தது. தொண்டை காய்ந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் மூன்று பெட்டியும் வரிசையாக நிற்கிறது. ஓரமெல்லாம் வளைத்து, பின்னால் நிழல் கொடுத்து, நான் போட்ட நீலத்தை மாற்றி ரோஸ் அடித்து வைத்திருந்தாள்.

"நீ இல்லாதப்ப பண்ணிட்டேன்மா. பாவம், எவ்ளோ நேரமா ஒத்தாடிட்டு இருக்கே."

ஒத்தாடுவது என்றால் கன்னடத்தில் திண்டாடுவது.

"நான் கண்டுபிடிச்சிருப்பனுங்க."

"கண்டுபிடிச்சு? நான் எதுக்கு இருக்கேன்?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அவள் செய்ததை அழித்துப் பழையபடி கொண்டுவரப் பார்த்தேன். முடியவில்லை. எந்த எண் எங்கே இருந்தது என்று மறந்துவிட்டது. வீட்டில் திருடன் புகுந்தால் போலீஸுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது?

தசரா சமயத்தில் எங்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மஞ்சுநாத் இழுத்துக்கொண்டு போனான். குவெம்புநகரில் சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. பலகாரத்தை அவளே எங்கள் வாய்க்குள் திணிக்காத குறை. கூடத்தில் அவளுடைய அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரோக் வந்து வலது கை சரியாக வராது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே என்று நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பட்டனை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் இழுக்கப் பார்த்தார்.

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். வளையலை ஏற்றினாள்.

"கொடுப்பா."

"இரும்மா, வந்துடுச்சு. பிசியோக்காரர் தினம் பண்ணணும்னு சொல்லிருக்கார்."

"அவரு சொல்வாரு. நீங்க கஷ்டப்படறத நான் பாத்துட்டு நிக்கவா?"

அந்தப் பட்டனைப் போட்டாள். மேலே கீழே மற்ற பட்டன்களையும் போட்டாள். காலரைச் சரி செய்தாள். "அஷ்டே" என்றாள். அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம் எவ்வளவு நல்ல பெண் என்று நெகிழ்ந்து போனார்கள். நான் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கை இனி வராது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பட்டன் போட்டே கையைக் கொல்ல முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, என் கையும் அதே நிலைமையில்தான் இருக்கிறது என்று.

படிப்பு முடிகிற சமயத்தில் ஆளுக்கொரு வெப்சைட் செய்து காட்ட வேண்டும். நான் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் தங்குகிற விடுதி ஒன்றுக்குச் செய்தேன். செய்தேன் என்று சொல்வது தவறு. தொடங்கினேன். அவள் முடித்தாள். திரையில் என் பெயர் இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். அதை வைத்து விஜயநகரில் ஒரு சின்னக் கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். ஓட்டல், கல்யாண மண்டபம், கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற இடம். ஒரு ஆள் எடுப்பதாக இருந்தார்கள்.

முதலாளி கன்னடக்காரர். அதிகம் பேசாத மனிதர். என் வெப்சைட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"நன்றாக இருக்கிறது. போனில் பார்க்கும்போது இந்த மெனு மறைந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டனைத் தொட்டால் வர வேண்டும். செய்யுங்கள், அவசரமில்லை" என்று கன்னடத்தில் சொன்னார்.

எங்கேயோ பார்த்தது நினைவிருந்தது. நாலு வரி அடித்தேன். சிவப்பு எழுத்து வந்தது.

நான் காலை ஊன்றி நாற்காலியைத் தள்ளினேன். வேண்டுமென்று தள்ளவில்லை. கால் தானாகத் தள்ளியது. மேஜையை விட்டு இடதுபக்கம் உருண்டு போய் நின்றேன். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

அவர் பயந்துவிட்டார். "ஏனாயித்து? எல்லிகெ ஹோக்தீரா?" என்றார். என்ன ஆச்சு, எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் செய்து பழகியதில் நான் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான். எரர் வந்தால் தள்ளி உட்காருவது.

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அதுவே பெரிய அவமானமாக இருந்தது. "இது நீங்கள் செய்ததில்லை, இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். "மாதக் கடைசியில் வாருங்கள். வெறும் ஃபைலில் இருந்து ஒரு பக்கம் செய்யுங்கள். இவ்வளவு அழகு வேண்டாம். நீங்கள் செய்ததாக இருந்தால் போதும்."

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை.

மறுநாள் லேபுக்குப் போனதும் அவளிடம் நேராகச் சொன்னேன்.

"மேடம், இனி என்ற சிஸ்டத்துல கை வெக்காதீங்க. எரர் வந்தாலும் வரட்டும். நானே பாத்துக்கறேன்."

"ஐயோ, கோவமாம்மா? இன்டர்வியூ சரியா ஆகலயா? விடு, இன்னொண்ணு பண்ணித் தரேன்."

"பண்ணித் தர வேண்டாம்னுதானுங்க சொல்றேன்."

"ஆயித்து, ஆயித்து."

ஆகட்டும் என்று போனாள். வெறும் ஃபைலைத் திறந்து உட்கார்ந்தேன். எரர் வந்தது. மல்லிகை வாசனையும் வந்தது. பின்னால் நிற்கிறாள். நான் இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக் கீபோர்டைச் சுற்றி வேலி மாதிரி வைத்துக்கொண்டேன். அவள் மூச்சு என் காதில் பட்டது. "மேல பாரும்மா" என்றாள். நான் வேறொரு வரியை மாற்றினேன். "அதில்ல, அதுக்கும் மேல" என்றாள். "போங்க மேடம்" என்றேன். போகவில்லை. வளையல் சத்தம் கேட்டது. என் தோளுக்கு மேலே அவள் கை வந்தது.

அடித்தேன். கையை ஓங்கி அவள் மணிக்கட்டில் ஒரு அடி. வளையல் இரண்டு உடைந்து கீபோர்டில் விழுந்தது. லேசாக ரத்தம் வந்தது. அடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

லேபே எழுந்து நின்றது. மஞ்சுநாத் என்னைப் பார்த்து, பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினான்.

"தலை கெட்டிதேன்ரீ நிமகே? அக்கா மேலயே கை வெக்கறீங்களா?"

அவள்தான் அவனைத் தடுத்தாள். "விடோ, பாவம், டென்ஷன்ல இருக்காங்க" என்றாள். கைக்குட்டையால் கையைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என் மேஜையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். அப்படியே கீபோர்டையும் தட்டி என் எரரைச் சரி செய்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், ரத்தம் வருகிற கையோடு.

சென்டர்க்காரர் கூப்பிட்டு மன்னிப்புக் கேள் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் வர வேண்டாம் என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஹாஸ்டல் வார்டன் ஒரு சிடுமூஞ்சி. ஆனால் ஆபீஸ் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரை மத்தியான நேரத்தில் எனக்கு விட்டார். "ஏதாவது கெட்டால் நீதான் சரி செய்ய வேண்டும்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். முதல் சில நாள் எரர் வந்தால் கால் தானாகத் தரையைத் தேடும். அது மரநாற்காலி, நகராது. சிவப்பு எழுத்தை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன். எந்த வரியில் தப்பு என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவ்வளவு நாள் நாங்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த மூன்று பெட்டியை மறுபடி போட்டேன். மூன்றாவது மறுபடி விழுந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்பில் கோடு போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் நான் விட்ட இடைவெளியும் அகலத்தில் சேர்ந்துகொள்வதால் மூன்றுக்கும் இடம் போதவில்லை என்று புரிந்தது. உட்கார்ந்த இடத்தில் அழுதேன். இவ்வளவுதான் விஷயம். இதை எனக்குத் தரக் கூடாதென்று அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டாள்.

கம்பெனிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் ஹாஸ்டலுக்கு வந்தாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி. கையில் ஒரு பென்டிரைவ்.

"கம்பெனில என்ன கேட்டாங்கன்னு விசாரிச்சு முழு பேஜும் பண்ணிருக்கேன்மா. போன் மெனு எல்லாம் வர்ற மாதிரி. ரொம்ப சின்னதா பண்ணிருக்கேன், மனப்பாடம் பண்ணிட்டுப் போய் அப்படியே அடிச்சிடு. நாளைக்கு உனக்கு வேல கன்ஃபர்ம்."

நான் பென்டிரைவைப் பார்த்தேன். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. ஏனென்றால் அன்றைக்குக் காலையிலிருந்து அந்த மெனு எனக்கு வரவில்லை. பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு எழுத்துகூட இல்லை. சும்மா கல் மாதிரி இருந்தது. அண்ணன் காலையில்தான் போன் செய்து வண்டி சொல்லியாகிவிட்டது என்றிருந்தான்.

"நான் உங்கள அடிச்சனே, எதுக்குங்க வந்தீங்க?"

"அது பரவால்லம்மா. நீ தோத்துட்டு நிக்கறத என்னால பாக்க முடியாது."

"பாக்காதீங்க. யாரு பாக்கச் சொன்னா?"

அவளுக்குப் புரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டேன்.

"உக்காருங்க. ரெண்டு கையயும் மடியில வெச்சுக்குங்க. நான் பண்றேன். உங்களுக்கு என் மேல அவ்வளவு பாசம்னா பேசாம பாருங்க. பாத்துட்டு இருந்தாப் போதும்."

உட்கார்ந்தாள். நான் திரையைத் திருப்பி அவளுக்குத் தெரியும்படி வைத்தேன். பட்டனைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வரியை மாற்றித் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல்கள் மடியில் கிடந்து துடித்தன. மடியிலேயே கீபோர்டு தட்டுகிற மாதிரி. வேர்த்துக் கொட்டியது. மூச்சுத் திணறுகிற ஆளைப் போல இருந்தாள். நான் விடவில்லை. இன்னொரு தடவை தப்பாகவே செய்தேன்.

"ஆகல்லம்மா. என்னால ஆகல்ல" என்று எழுந்துவிட்டாள். பென்டிரைவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டாமலே கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ரோட்டில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். எங்கே தப்பு என்று சொல்லாமல் அவளால் போக முடியவில்லை. நான் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு கதவு உடனே சாத்திக்கொண்டது. இன்னொன்று மழையில் ஊறி இறுகியிருந்தது. அதை இழுத்துச் சாத்தும்வரை நானும் உள்ளேயிருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அவள் குரல் கேட்கக் கூடாது என்று கத்தினேன். வார்டன் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

ரோடு அமைதியானதும் மறுபடி உட்கார்ந்தேன். நான் செய்த பக்கத்தில் பெரிய திரைக்கு ஒரு மெனு, போனுக்கு ஒரு மெனு இருந்தது. முதலாவதற்கு மஞ்சளும் போன் மெனுவுக்குப் பச்சையும் கொடுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் தெரியும்படி வைத்துவிட்டுப் பட்டனைத் தொட்டேன். பச்சை அசையவில்லை. மஞ்சள் மறைந்தது. போன் மெனுவைப் பிடிக்க வேண்டிய பட்டன் மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் மெனுவைக் காப்பி செய்து இரண்டாவதைப் போட்டபோது அதன் பெயரையும் சேர்த்துக் காப்பி செய்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே பெயர். மாற்றினேன். தொட்டேன். பச்சை மெனு மறைந்தது. தொட்டேன், வந்தது. வார்டன் வந்து எழுந்திரு என்று சொல்லும்வரை அதையே தொட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயநகரில் வெறும் ஃபைலில் இருந்து அந்தப் பக்கத்தைச் செய்தேன். பாதியில் எரர் வந்தது. படித்தேன், சரி செய்தேன். நேரம் ஆனது. நிறமெல்லாம் கண்றாவியாக இருந்தது. முதலாளி தன் போனில் திறந்து மெனுவைத் தொட்டுப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார். ரோட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றேன். "செரி புள்ள" என்றான்.

விஷயம் எப்படியோ சென்டருக்குப் போய்விட்டது. எங்கள் வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் மஞ்சுநாத் வாழ்த்துப் போட்டான். அதற்குக் கீழே அவள் குரலில் ஒரு பதிவு வந்தது. சந்தோஷத்தில் மூச்சு விடாமல் பேசியிருந்தாள்.

"நான் ரோட்டுல நின்னு கத்துனது நல்ல வேள கேட்டுச்சும்மா உனக்கு! எரடனே மெனு, எரடனே மெனு, பேர மாத்துன்னு எவ்ளோ கத்தினேன்! தொண்டையே போயிடுச்சு. அஷ்டே, நீ கெலிச்சே, எனக்கு அது போதும்."

எரடனே என்றால் இரண்டாவது. குரூப் முழுவதும் அவளைக் கும்பிட்டது. அடித்தவளுக்கும் வந்து உதவி செய்திருக்கிறாளே என்று ஒருவன் எழுதினான். எனக்குக் கேட்கவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்று நான் எழுதினேன். நன்றி கெட்டவள் என்று ஒருத்தி பதில் போட்டாள். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். எத்தனையோ வெப்சைட் செய்துவிட்டேன். அதெல்லாம் என் கையால் செய்தது, அதில் சந்தேகமில்லை. அந்த முதல் மெனுதான் உறுத்துகிறது. இரண்டு மெனுவுக்கும் தனித்தனி நிறம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றியது? பெட்டிக்குக் கோடு போட்டு ஏற்கெனவே பழகியிருந்ததால் தோன்றியதா, அந்த இறுகின கதவைச் சாத்துவதற்குள் ஒரு சொல் உள்ளே வந்துவிட்டதா? கேட்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். யார் கேட்டாலும் சொல்வேன். அவள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்த ஒன்றையாவது முழுசாக என்னுடையது என்று இருக்க விட்டிருக்கலாம். விடவில்லை.